குடா திருப்பிக் கொடுத்தது

அவள் அடித்தது ஒரே ஒரு அடி. குடா அதை இரண்டாகத் திருப்பிக் கொடுத்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி இறங்கிவிட்டால் காதுக்கு வேறு வேலை கிடையாது, இல்லாததையெல்லாம் கேட்டுத் தொலைக்கும். பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிப் பிடித்து, சுத்தியலை மறுபடி ஓங்கி, படகுத்துறையின் முனையில் சங்கிலியில் தொங்கிய தண்டவாளத் துண்டின் மேல் போட்டாள். ணங். காலுக்குக் கீழே ஈரப் பலகைகள் அதிர்ந்தன. துறையின் ஓரத்தில் கட்டியிருந்த பழைய டயர்கள் தண்ணீரில் உரசி முனகின. சத்தம் அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பாறை முனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தேய்ந்துபோய், குடாவின் பதில் வந்தது. ணங். ஒன்றுதான்.

அதானே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய் திறந்து சொல்லவில்லை. பனி நேரத்தில் துறையில் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது.

அந்த ஊரின் பிழைப்பே ஒரு ஃபெர்ரிதான். எதிர்க்கரையில் பட்டணம், இந்தக் கரையில் இவர்கள், நடுவில் அகலமான கடற்கழி. போய்வருகிற அந்த ஒரு படகை நம்பித்தான் டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்ட், டிக்கெட் ஜன்னல், அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீடுகள் எல்லாம். துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாறை முனை, அதைத் தாண்டினால் குடா. சின்னதுதான். அரை வட்டமாகச் செங்குத்துப் பாறை, நடுவில் எந்நேரமும் அலையில்லாமல் கறுத்துக் கிடக்கிற தண்ணீர். பார்க்க அமைதியான இடம், அடியில் முழுக்கக் கூர்க்கல். உள்ளே போன படகு எதுவும் முழுசாக வெளியே வந்ததில்லை. ஆனால் எதிரொலிக்குப் பேர்போன இடம். வெயில் நாளில் ஊர்ப் பிள்ளைகள் பாறை முனையில் ஏறி நின்று "டேய் மொட்டை!" என்று கத்துவார்கள். குடா கொஞ்சம் யோசித்துவிட்டு "டேய் மொட்டை!" என்று திருப்பித் திட்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பனி நாளில் யாரும் கத்த மாட்டார்கள். இரும்பு மட்டும்தான் பேசும். கண்ணுக்கு எதுவும் தெரியாத டிரைவர் இன்ஜினைத் தணித்துவிட்டு, காதால் கரையைத் தேடிக்கொண்டு வருவான். முதலில் கேட்கிற சத்தம் துறை. அதன் பின்னால் தேய்ந்து வருகிற சத்தம் குடா. முதல் சத்தத்தைப் பிடித்து வந்தால் வீடு, இரண்டாவதைப் பிடித்துப் போனால் பாறை. படகு வந்து சேர்ந்து, கயிறு கட்டையில் விழுகிற வரை அடி நிற்கக் கூடாது. விழுந்த பிறகு ஒரு அடிகூட அதிகமாக அடிக்கக் கூடாது, தூரத்தில் போகிற மீன்படகுகள் குழம்பிவிடும். அந்த வேலையில் கற்றுக்கொள்ள இதைத் தவிர ஒன்றும் இல்லை.

கற்றுக்கொடுத்தவள் நாத்தனார், அதாவது இவள் புருஷனுடைய அக்கா. அதற்கு முன்னால் இரும்பு அடித்தது அவள்தான். தம்பி கல்யாணம் முடிந்து வந்த முதல் வாரமே சுத்தியலைத் தம்பி பெண்டாட்டி கையில் திணித்துவிட்டாள். "பனியில நீ வாயைத் திறந்தே, அந்த வாயைத் தைச்சுடுவேன். அதுவும் ஆளைப் பேர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிடவே கூடாது, புரியுதா?" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"ஏன்னு கேட்காதே. சொன்னதைச் செய்."

நாத்தனார் பேச்சே அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதற்கு நேர்மாறு அவள் புருஷன். ஊரே அவரை ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிடும். ஒரு காலத்தில் குடித்துவிட்டுத் தெருவையே அலற வைத்த மனுஷனாம். ஒரு பனி நாளில் சின்னப் படகோடு காணாமல் போய், ஊர் கையை விரித்த பிறகு தானாகவே துறைக்கு வந்து சேர்ந்தாராம். அன்றிலிருந்து ஆள் பசு. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டால், "சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாக நம்மையே கேட்பார். "குடுத்து வெச்சவடி உன் நாத்தனார்," என்று டீக்கடைக்காரர் பெண்டாட்டி பெருமூச்சு விடுவாள். "எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே, வாயைத் திறந்தா சாக்கடை." ஒரே ஒரு குறை, அவருக்கு மாலைக்கண் என்று பேச்சு. பொழுது சாயும்போது அந்த வீட்டிலிருந்து, "எங்கடி இருக்கே? ஒண்ணும் தெரியலடி!" என்று அவர் கதறுவது சில நாள் கேட்கும். உடனே நாத்தனார் ரேடியோவை உச்சத்தில் வைத்துவிடுவாள்.

ணங். இவள் அடித்தாள். ஒரு மூச்சு. ணங், என்றது குடா.

பனி இறங்கி வெகு நேரம் ஆகியிருக்காது. சாயங்காலத்துக்கு முன்பே துறையின் பாதிப் பலகை வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் போய், தொங்குகிற தண்டவாளமும் கயிறு மாட்டுகிற கட்டையும் தன் கையும் மட்டும் மிச்சம் என்று ஆனது. டிக்கெட் ஜன்னல்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு, "இன்னைக்கு வியாபாரம் அவ்வளவுதான், நான் வீட்டைப் பார்த்துப் போறேன்" என்று சைகையிலேயே சொல்லிவிட்டு நழுவினார். டீசல் வாசனை, ஊறிய கயிற்றின் வாசனை, கையில் துரு வாசனை. எதிர்க்கரையிலிருந்து ஃபெர்ரி புறப்படும் ஹாரன் நீளமாகக் கேட்டதும் அடிக்க ஆரம்பித்தாள். பனியில் ஏறப் பயந்து பயணிகள் அந்தப் பக்கமே தங்கியிருப்பார்கள். படகில் வருவது இரண்டே பேர்: ஓட்டுகிற அவள் புருஷன், அவள் பெண்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பேர் என்னவாக இருந்தாலும் ஊர் வைத்த பேர் வாலு. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. யார் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசிக் காட்டும், டிக்கெட் ஜன்னல்காரரின் தும்மல் வரைக்கும். கயிறு போடுகிற ஆளுக்கு அன்று காய்ச்சல். படகின் முன்னால் நின்று கயிற்றின் வளையத்தைக் கட்டையில் வீசி மாட்டுவது அவன் வேலை. "நான் போடறேன், நான் போடறேன்" என்று வாலு மத்தியானத்திலிருந்து காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கிழிச்சே. ஷூ லேஸ் கட்டத் தெரியாத கழுதைக்குக் கயிறு கேக்குதா?"

"அப்பா கத்துக் குடுத்துட்டாரும்மா. பாரேன்." வீசிக் காட்டியது. வளையம் கட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. மறுபடி வீசியது. மறுபடி தொப்.

"வரட்டுமே, நீ வேற" என்று படகிலிருந்து புருஷன் சிரித்தான்.

"சரி, போய்த் தொலை. என் உயிரை வாங்காதே. முதல்ல அந்தப் பல்லைக் காட்டு, ஆடுதே, பிடுங்கிடறேன்."

"ஐயோ வேணாம்! வந்து பிடுங்கிக்கலாம்." முன்பல்லை நாக்கால் ஆட்டிக்கொண்டே படகுக்குள் குதித்து ஓடிய குழந்தை, என்ன தோன்றியதோ, திரும்பி நின்று கேட்டது. "அம்மா, பனி வந்துச்சுன்னா நான் வர்ற வரைக்கும் நிறுத்தாம அடிப்பியா?"

"அடிக்காம? உன் கயிறு கட்டையில விழற வரைக்கும் அடிப்பேன். இந்த ஜென்மத்துல அது விழுமான்னுதான் தெரியல."

அதற்கும் சிரித்தான் அவன். அந்தச் சிரிப்பும் டீசல் புகையும் கலந்து கொஞ்ச நேரம் துறையிலேயே நின்றன.

ணங், என்று அடித்தாள்.

ணங், என்றது குடா. சட்டென்று. மூச்சு விட இடம் கொடுக்காமல்.

அவள் கை நின்றது. எதிரொலி அவசரப்படாது. பாறை எங்கேயும் நகர்ந்து வரவில்லை, சத்தம் போய்த் திரும்ப எப்போதும் ஆகிற நேரம்தான் ஆகும். இத்தனை வருஷமாக அந்த இடைவெளியில்தான் அவள் சுத்தியலை ஓங்குவாள், அது அவள் தோளுக்கே மனப்பாடம். மறுபடி அடித்தாள். அடித்த அதே கணத்தில் குடாவும் அடித்தது. இரண்டு சத்தமும் ஒன்றாக விழுந்தன, எது எங்கிருந்து என்று அவளுக்கே சொல்ல முடியவில்லை. தூரத்தில் பனிக்குள் துப்துப்துப் என்று வந்துகொண்டிருந்த இன்ஜின் சத்தம் ஒரு தடவை தயங்கியது.

அவனும் கேட்டுவிட்டான். அவனுக்கும் புரியவில்லை.

வேகமாக ஓங்கினாள்.

ணங்.

அது அவள் அடித்தது இல்லை. சுத்தியல் இன்னும் தலைக்கு மேலே இருந்தது. சத்தம் பாறை முனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தேயாமல், புது இரும்பில் அடித்தது போலக் கணீரென்று. அதற்குப் பின்னால்தான் அவள் கை இறங்கியது. அவள் அடிதான் இப்போது இரண்டாவது. முதல் சத்தம் துறை, இரண்டாவது குடா. படகில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு இப்போது எது வீடு, எது பாறை?

நிறுத்திப் பார்ப்போம் என்று நினைத்தாள். எதிரொலி என்றால் நான் நிறுத்தினால் அதுவும் நின்றாக வேண்டும். சுத்தியலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பனி ஈரம் வழிந்தது. டயர்கள் முனகின.

ணங், என்றது குடா.

கொஞ்சம் பொறுத்து, ணங்.

அவள் அடிக்கிற அதே இடைவெளி. அவளுடைய தோளின் அதே தாளம். இன்ஜின் சத்தம் திரும்பியது. அவள் காதாலேயே பார்த்தாள், இத்தனை நேரம் எதிரே இருந்த துப்துப்துப் மெல்ல மெல்ல வலது பக்கம் நகர்ந்தது, பாறை முனையைப் பார்த்து, குடாவின் வாயைப் பார்த்து.

ஐயோ.

அடித்தாள். வெறி பிடித்தவள் மாதிரி அடித்தாள், தாளம் இல்லை, இடைவெளி இல்லை. குடாவும் அப்படியே அடித்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. இரும்பை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் ஆகாது. இரும்பு இரண்டு பேரிடமும் இருக்கிறது. அதனிடம் இல்லாதது ஒன்றுதான், இவள் குரல். நாத்தனார் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. பெத்தவளுக்கு அந்த நேரத்தில் நாத்தனார் ஒரு கேடா?

இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டை கிழியக் கத்தினாள். "கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன்! பயப்படாதே! வாடா தங்கம், வா!"

குரல் பனிக்குள் போனது.

குடா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எந்தச் சத்தம் போட்டாலும் பதில் சொல்கிற குடா, "டேய் மொட்டை"க்குக்கூடப் பதில் சொல்கிற குடா, அவள் கூப்பிட்டதை உள்ளே வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. அந்த அடியும் நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மறுபடி இரும்பை அடித்தாள், நிதானமாக, பழைய தாளத்தில். அவள் அடி மட்டும்தான் கேட்டது. எதிரொலியே இல்லை. நல்லதாகப் போயிற்று, இனி குழப்பம் இல்லை, நேராக வந்துவிடுவான். அழுதுகொண்டே அடித்தாள்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் பனிக்குள் ஒரு கறுப்பு தடித்தது. படகின் முன்பக்கம். அதில் சின்னதாக ஒரு உருவம், கையில் கயிறு.

ஆடாமல் அசையாமல் வந்து துறையைத் தொட்டது படகு. டயர்கள்கூட முனகவில்லை. அந்தச் சின்னக் கை வீசியது. வளையம் பனியில் ஒரு வட்டம் போட்டு வந்து கட்டையின் நட்டநடுவில் அலுங்காமல் உட்கார்ந்தது.

அவள் சுத்தியலைக் கீழே போட்டாள்.

"வந்துட்டியாடி என் ராஜாத்தி!" ஓடிப்போய்க் குழந்தையை வாரி இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. தலைமுடியில் ஈரக் கல்லின் வாசனை, பல நாள் வெயில் படாத கல்லைப் புரட்டினால் வருமே அந்த வாசனை. பனியில் வந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? "ஏங்க, உயிரே போயிடுச்சுங்க எனக்கு. அந்தச் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

ஸ்டியரிங் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். "வாடா தங்கம், வா," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயம் தெளிந்த சிரிப்பு. "கிண்டலா? இருங்க, வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன்."

குழந்தை தலை நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. "கண்ணு," என்றது வாலு, தன் குரலில். "அம்மா இங்கதான் இருக்கேன். பயப்படாதே."

பேசிக் காட்டுகிறது, வேறென்ன. எல்லாரையும் பேசிக் காட்டுகிற பிள்ளைதானே. அவள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளப் போனாள்.

துப்துப்துப்.

கை பாதியில் நின்றது.

இன்ஜின் சத்தம். அங்கே. பனிக்குள், வலது பக்கம், பாறை முனைக்குப் பக்கத்தில். அவளுக்குத் தெரிந்த இன்ஜின், காலையும் மாலையும் கேட்டு வாழ்ந்த இன்ஜின், இருமி இருமி ஓடுகிற அதே துப்துப்துப். அவள் துறையில் நின்ற படகைப் பார்த்தாள். டீசல் வாசனை இல்லை. புகை இல்லை. அது வரும்போதும் சத்தம் இல்லை.

அங்கிருந்து ஒரு குரல் வந்தது. சின்னக் குரல்.

"அம்மா!"

அவள் கையில் இருந்த குழந்தை வாயே திறக்கவில்லை.

"அம்மா, அடிம்மா! ஏம்மா நிறுத்திட்டே?"

"ஏய், அடி!" என்று அவள் புருஷனின் குரல், அதே இடத்திலிருந்து. "என்னாச்சு உனக்கு? அடி! அடி!"

கயிறு விழுந்ததும் அவள் நிறுத்தியிருந்தாள். சொல்லிக் கொடுத்தபடி.

கையில் இருந்ததை உதறினாள். பலகையில் தவழ்ந்து சுத்தியலைத் தேடினாள், ஈரத்தில் வழுக்கி முட்டி உடைந்தது, ரப்பர் பிடி விரலில் பட்டது, எழுந்தாள், ஓங்கினாள், அடித்தாள்.

டொக்.

செத்த சத்தம். ஒரு அடி தூரத்துக்குக்கூடக் கேட்காது. தண்டவாளத்தைக் குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும், மார்போடு சேர்த்து, ஆசையாக. கன்னத்தை இரும்பில் வைத்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

"விடு! விடுடி!" இழுத்தாள். வரவில்லை. பாறையில் ஒட்டிய சிப்பி மாதிரி விரல்கள் வரவே இல்லை. குழந்தை அவளையே பார்த்து, "விடு, விடுடி," என்றது அன்பாக.

"அம்மா! கல்லு தெரியுதும்மா! அம்மா!"

அடிக்க வேண்டும் என்றால் இதன் மேல்தான் அடிக்க வேண்டும். கை விட வேண்டும் என்றால் கையை உடைக்க வேண்டும். சுத்தியலை ஓங்கினாள். கீழே தன் பெண்ணின் முகம். அதே நெற்றி. அதே புருவத்தில் போன வருஷம் கதவில் இடித்துக்கொண்ட அதே தழும்பு. காலையில் அவள் பின்னிவிட்ட அதே பின்னல், அதே ரிப்பன்.

இது அது இல்லை. அடி.

இது அது இல்லை. அடிடி, பாவி.

கை இறங்கவில்லை. அழுகை வந்தது, கை மட்டும் இறங்கவே இல்லை. ஓங்கிய சுத்தியலோடு அவள் நின்றுகொண்டிருந்தபோதே, பாறை முனைக்கு அந்தப் பக்கம் மரம் கல்லில் மோதிப் பிளந்தது. ஒரே ஒரு தடவைதான். குடா அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்ஜின் தண்ணீர் குடித்துக் கொப்பளித்து நின்றது. "அம்மா" என்று ஆரம்பித்த ஏதோ ஒன்று பாதியில் நனைந்துபோனது.

பிறகு டயர்கள் மட்டும் முனகின. குழந்தை தண்டவாளத்தை விட்டுவிட்டு வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. நாத்தனார். ஸ்வெட்டரை வாரிச் சுற்றிக்கொண்டு, தலை கலைந்து, மூச்சிரைக்க வந்து நின்றாள். பார்த்தாள். படகை, அதில் நேராகப் பார்த்துக்கொண்டு நின்ற தன் தம்பியை, இந்தக் குழந்தையை, ஓங்கியபடியே இருந்த கையை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, சுத்தியலை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"கூப்பிட்டியா?"

இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நானும் கூப்பிட்டேன்," என்றாள் நாத்தனார். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை. "வா, பிள்ளைக்குக் குளிருது. வீட்டுக்குப் போலாம்."

"அண்ணி, அங்க... அங்க அவங்க..."

"தெரியும்டி. அவன் என் தம்பி. எனக்குத் தெரியாதா?" தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். "முடிஞ்சுபோச்சு. ஊர்ல யார்கிட்டேயும் மூச்சு விடாதே. இதுங்க திட்டாது, அடம் பிடிக்காது. சொன்னதைச் சொல்லும். பழகிடும்."

வீட்டில் எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. மேஜை மேல் வாலு பாதி குடித்து வைத்த பால், கட்டிலுக்கு அடியில் கழற்றி எறிந்த செருப்பு. அவள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். குழந்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துவட்டிக்கொண்டே இருந்தவள், திடீரென்று குழந்தையின் முகவாயைப் பிடித்து, விரலை உள்ளே விட்டு அந்த முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடியே சிரித்தது.

வெளியே பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து நின்றது. பொழுது சாய்ந்தது. நாத்தனார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு பழைய ரேடியோவை மேஜை மேல் வைத்தாள்.

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. நீ இதை வெச்சுக்கோ. சாயங்காலத்துல சத்தமா வை."

"எதுக்கு அண்ணி?"

நாத்தனார் அடுத்திருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆமாஞ்சாமியின் குரல் கேட்டது. "எங்கடி இருக்கே? ஒண்ணும் தெரியலடி!" உடனே நாத்தனார் வீட்டு ரேடியோ பாட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் கேட்ட அந்தக் குரல் எந்தப் பனி நாளிலிருந்து வந்தது என்று இவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

துண்டு கையிலிருந்து நழுவியது. மெல்லத் திரும்பினாள்.

குழந்தை கட்டில் ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முகம் அதே சிரிப்பில் இருந்தது, கண் அவள் மேலேயே இருந்தது. யாரும் எதுவும் கேட்காமலேயே அது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து வந்தது அவள் பெண்ணின் குரல், பனிக்குள் இருந்து வந்த அதே குரல், அதே நடுக்கம், அதே தண்ணீர்.

"அம்மா, அடிம்மா! ஏம்மா நிறுத்திட்டே?"

அவள் ரேடியோவைத் திருகினாள். உச்சம் வரை திருகினாள். பாட்டுக்கு மேலே போக, குழந்தை சிரித்துக்கொண்டே இன்னும் உரக்கக் கதறியது.